குள்ள கேலக்ஸியை எடைபோடும் முன் இரட்டை விண்மீன்களைக் களையெடுப்பது எப்படி?

குள்ள கேலக்ஸியில் (விண்மீன்கள் குறைவான சிறிய கேலக்ஸி) கரும்பொருள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் பொருள், எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? அதன் விண்மீன்கள் நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ போகும் வேகத்தை நிறமாலைக் கோடுகளின் நகர்வை வைத்து அளந்து, அந்த வேகங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். கேலக்ஸியின் மொத்த நிறை இந்தச் சிதறலின் வர்க்கத்தைப் பொறுத்தது; அதில் கண்ணுக்குத் தெரியும் பொருளின் நிறையைக் கழித்தால் மிஞ்சுவது கரும்பொருள். வில்லங்கமே அந்த வர்க்கத்தில்தான்.

எக்செல்லைத் திறந்து நீங்களே செய்து பாருங்கள்.

படி 1: ஒரு நெடுவரிசையில் 0, 2, -2, 1, -1 என்று போடுங்கள். கேலக்ஸியின் சராசரி வேகத்திலிருந்து ஒவ்வொரு விண்மீனும் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் விலகுகிறது என்பதுதான் இது (எண்கள் என் கற்பனை). சிதறலை அளக்கும் நியம விலக்கம் (எக்செல்லில் STDEV) சுமார் 1.6 வரும்.

படி 2: கீழே 9 என்று இன்னொன்றைச் சேருங்கள். இது இரட்டை விண்மீன், அதாவது ஒன்றையொன்று சுற்றும் ஜோடியில் ஒன்று; துணையைச் சுற்றும் வேகமும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. இப்போது விலக்கம் 3.9. இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்தால் 6.2, அதாவது ஒரே ஒரு விண்மீனால் கேலக்ஸியின் நிறை ஆறு மடங்கு ஆகிவிட்டது!

நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது. ட்ரையாங்குலம் 2 கேலக்ஸியில் 2015-இல் ஆறு விண்மீன்களை வைத்துச் சிதறல் 5.1 கிமீ/நொடி என்றார்கள், கரும்பொருள் எக்கச்சக்கமாக இருப்பதுபோலத் தெரிந்தது. அப்புறம் அவற்றில் ஒன்று இரட்டை என்று தெரிந்து அதை நீக்கி, கூடுதல் விண்மீன்களுடன் 2017-இல் மறுபடி கணக்கிட்டபோது, சிதறல் 3.4-க்குள்தான் என்ற உச்சவரம்பு மட்டுமே மிஞ்சியது.

படி 3: சரி, எப்படிப் பிடிப்பது? அதே விண்மீன்களைச் சில மாதம், முடிந்தால் ஓராண்டு கழித்துத் திரும்ப அளவிடுங்கள். அளவீட்டுப் பிழையைத் தாண்டி வேகம் மாறியிருந்தால் அது பெரும்பாலும் இரட்டைதான், தயங்காமல் பட்டியலிலிருந்து தூக்குங்கள்.

படி 4: எல்லாம் இதில் சிக்காது. சூரியனைப்போல் 0.8 மடங்கு நிறையுள்ள இரு விண்மீன்கள், பூமி-சூரியன் தூரத்தைப்போல் பத்து மடங்கு இடைவெளியில் சுற்றினால் ஒவ்வொன்றின் வேகமும் சுமார் 6 கிமீ/நொடி, ஆனால் ஒரு சுற்றுக்கு 25 ஆண்டு! ஓராண்டு இடைவெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இவற்றைத் தனித்தனியாகத் தேடிப் பயனில்லை. இரட்டைகளின் விகிதத்தையும் சுற்றுக்காலங்களையும் மாதிரியாக வைத்து, சிதறலோடு சேர்த்தே புள்ளியியல் முறையில் கணக்கிட வேண்டும். சேகு 1 கேலக்ஸிக்கு அப்படிச் செய்தும் சிதறல் 3.7 கிமீ/நொடி அளவில் நின்றது, அதனால் அங்கே கரும்பொருள் இருப்பதை நம்பலாம்.