எஸ்ஏடி கணிதம்: மார்க் எங்கே நழுவுகிறது?

அல்ஜீப்ரா அடிப்படை தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். எஸ்ஏடி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் தேர்வு. அதன் கணிதப் பிரிவில் 44 கேள்விகள், 70 நிமிடம். 22 கேள்விகள் கொண்ட இரண்டு மாட்யூல்கள் (பகுதிகள்), ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். முதல் மாட்யூலை எப்படிச் செய்கிறீர்களோ அதைப் பொறுத்தே இரண்டாவது சுலபமாகவோ கடினமாகவோ வரும். ஆகவே முதல் மாட்யூலில் நிதானம் முக்கியம்.

படி 1. தேர்வையே எழுதப்போகும் ப்ளூபுக் செயலியில் இலவச மாதிரித் தேர்வு ஒன்றை நேரம் வைத்து எழுதுங்கள். புத்தகம் வாங்குவதெல்லாம் அப்புறம்.

படி 2. தவறானவற்றைப் பாடவாரியாகப் பிரியுங்கள். அல்ஜீப்ராவும் உயர்நிலைக் கணிதமும் சேர்ந்தே ஏறக்குறைய 70 சதவீதம். வடிவியலில் மாதக்கணக்கில் மூழ்காதீர்கள். அது முக்கோணவியலோடு சேர்த்தே 15 சதவீதம்தான்.

படி 3. செயலிக்கு உள்ளேயே இருக்கும், வரைபடம் வரையும் டெஸ்மாஸ் கால்குலேட்டரைப் பழகுங்கள். கையடக்கக் கால்குலேட்டர் கொண்டுபோகலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. இரண்டு சமன்பாடுகளை அடித்து, வெட்டும் புள்ளியைத் தொட்டால் விடை வந்துவிடும். ஆனால் 'ஒரே ஒரு தீர்வு இருக்க மாறிலியின் மதிப்பு என்ன?' என்று கேட்டால் அந்த மதிப்பை மாற்றிப் பார்க்கும் ஸ்லைடரை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். விடை பின்னமாக இருந்தால் ஸ்லைடர் அதைத் தாண்டிப் போய்விடும். இருபடிச் சமன்பாடென்றால் தன்மைகாட்டியை (b² − 4ac) பூச்சியமாக்குங்கள், இரண்டே வரி.

படி 4. விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகள். கிட்டத்தட்ட கால்வாசி இவைதான். கணக்கைச் சரியாகப் போட்டும் மார்க் போவது இங்கேதான். மூன்றரை என்ற விடையை 3 1/2 என்று கலப்புப் பின்னமாக அடித்தால், விடைப் பெட்டி அதை 31/2 என்று, அதாவது பதினைந்தரை என்று எடுத்துக்கொள்ளும். 3.5 அல்லது 7/2 என்று அடியுங்கள். 2/3-ஐத் தசமமாக எழுதினால் 0.67 செல்லாது, புள்ளியையும் சேர்த்துப் பெட்டியின் ஐந்து இடங்களும் நிரம்ப வேண்டும்: 0.666, 0.667, .6666, .6667. எதிர்ம விடைக்குக் கழித்தல் குறியோடு ஆறு இடம். இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் 2/3 என்றே அடித்துவிடுங்கள், நான் எப்போதும் அதைத்தான் செய்வேன். சதவீதக் குறி, காற்புள்ளி எதுவும் கூடாது.

தெரியாத கேள்வியையும் காலியாக விடாதீர்கள். தவறுக்கு மார்க் குறைப்பதில்லை.

பிற்சேர்க்கை: சைன் 30 அடித்தால் 0.5-க்குப் பதில் -0.988 வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் டிகிரிக்கு மாற்றுங்கள். அடுத்த கேள்வி ரேடியனில் வந்தால் திரும்ப மாற்ற வேண்டும்.