திவாலுக்குப் பிறகு மறுபடி கடன் வாங்கலாமா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் உங்கள் சிபில் ஸ்கோர் எப்படி இருந்தாலும் டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலோ அது கணக்கில் வராது. இங்கே வங்கி பார்ப்பது டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் (இங்கே பீரோ என்பார்கள்) பதிவை. பலர் அந்தப் பதிவைக் கெடுத்துக்கொள்வது சொந்தச் செலவால் அல்ல, உறவினர் கடைக்கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தால். அவர் திவாலானாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு போகாது. கடைசியில் இருவருமே திவாலாகி நிற்கக்கூடும்.

நீதிமன்றம் உங்களைத் திவாலாக அறிவித்திருந்தால் (இங்கே அதை சீக்வெஸ்ட்ரேஷன் என்பார்கள்) கடன் வரலாற்றைச் சரிசெய்யும் பேச்சுக்கு இன்னும் நேரம் வரவில்லை. 1936-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி 10 ஆண்டுகள் கழிந்தால் திவால் நிலை தானாக நீங்கும் (இதுதான் விடுவிப்பு). அதற்கு முன்பே வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வழக்கமாக 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முதல் தடவை திவாலானவராகவும் மோசடித் தண்டனை இல்லாதவராகவும் இருந்து, கடன் கொடுத்தவர் யாருமே தமக்கு வரவேண்டிய தொகையை நிரூபிக்கவும் இல்லை என்றால் 6 மாதத்திலேயே மனுப் போடலாம். விடுவிப்பு வரும்வரை 20 ராண்டுக்கு மேல் கடன் வாங்கினால், திவாலானவர் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மறைத்தால் குற்றம். தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரும், ஆனால் சட்டம் அதுதான்.

விடுவிப்பு ஆணை கிடைத்த பிறகும் அந்த ஆணை பீரோவில் 5 ஆண்டுகள் தெரியும். ஆகவே வீட்டுக் கடனோ கார் கடனோ கனவில் இருப்பவர் வக்கீல் செலவு செய்து சீக்கிரம் ஆணை வாங்குவதில் அர்த்தம் உண்டு. அப்படி எந்தத் திட்டமும் இல்லாதவர், ரொக்கமும் சீட்டுமாகவே வாழ்பவர், அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு விதிவிலக்கு: வாடகை ஏஜென்ட்டும், காசு கையாளும் வேலை தரும் முதலாளியும் பீரோவைப் பார்ப்பார்கள்.

கடன் வரலாற்றைச் சரிசெய்யத் தொடங்குவதென்றால் முதலில் ஒவ்வொரு பீரோவிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையை வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் கணக்குத் திறந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பித்து எண் மாறினால் பழைய பதிவு ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று பிரிந்துவிடலாம். திவாலில் அடங்கிய பழைய கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால், ஆணையின் நகலோடு ஆட்சேபம் அனுப்புங்கள். பீரோ 20 வேலை நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். "பேரை கிளியர் பண்ணித் தருகிறோம்" என்று பணம் கேட்பவரும் இதே கடிதத்தைத்தான் அனுப்புவார்.

அடுத்தது துணிக்கடையில் தவணைக்கு வாங்கும் அக்கவுண்ட் போன்ற ஒரே ஒரு சின்னக் கடன் வரம்பு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மாதச் சேவைக் கட்டணத்துக்குச் சட்டம் தரும் உச்சம் 60 ராண்ட், வாட் தனி. 600 ராண்ட் சட்டைகளை 6 மாதத் தவணையில் கட்டினால் கட்டணமே 360 வரை போகும். கட்டணம் குறைந்த கணக்காகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டெபிட் ஆர்டரை (வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) சம்பளம் வரும் நாளுக்கே வையுங்கள். 25-ஆம் தேதி சம்பளம் வாங்குபவர் 20-ஆம் தேதிக்கு ஆர்டர் போட்டால் கணக்கு காலியாக இருக்கும், ஆர்டர் திரும்பும், வங்கியும் கட்டணம் பிடிக்கும், தவறிய தவணை பீரோவில் ஏறும்.

ஒரு மாதக் குறுங்கடன் பக்கம் போகாதீர்கள். 2,000 ராண்டுக்குத் தொடக்கக் கட்டணம் 265, வட்டி 5 சதவீதமாக 100, சேவை 60 என்று உச்ச விகிதத்தில் 2,425 திருப்ப வேண்டும், வாட் வேறு. தெருவில் கடன் கொடுக்கும் மஷோனிசா (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) அதைவிட மோசம். அவர் வங்கி அட்டையையும் பின் எண்ணையும் பிடித்து வைத்துக்கொள்வது சட்டவிரோதம்.

இங்கேயே குடியேறி, இங்கேயே பதிவுத் திருமணம் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: முன்கூட்டி நோட்டரியிடம் திருமண ஒப்பந்தம் எழுதாவிட்டால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். ஒருவர் திவாலானால் மற்றவரும் சேர்ந்தே திவால்தான். கையெழுத்தான ஒப்பந்தத்தை 3 மாதத்துக்குள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.