எலும்பு பிளேட்டைக் கம்பி மாதிரி இழுக்காதீர்கள்

பைக்கில் சறுக்கியவரோ, பனையிலிருந்து தவறியவரோ, தொடை எலும்பு முறிந்தால் உள்ளே பிளேட்டோ ராடோ வைக்கிறார்கள். அந்த பிளேட்டின் வலிமையைச் சோதிப்பதையே புராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருவார்கள்.

வந்ததும் செய்வது, டி.எம்.டி. கம்பி போல இரு முனையையும் கவ்வி இழுப்பது. நடக்கும்போது பிளேட் பெரும்பாலும் வளையத்தான் செய்கிறது. எலும்பு பிளேட் சோதனைக்கான தரநிலைகளான ஏ.எஸ்.டி.எம். எஃப் 382-ம் ஐ.எஸ்.ஓ. 9585-ம் நான்கு புள்ளி வளைவுச் சோதனையை, அதாவது வெளியே இரண்டு உருளை தாங்க, உள்ளே இரண்டு உருளை அழுத்தி வளைப்பதைச் சொல்வது அதனால்தான். நடுவே ஒரே உருளையால் அழுத்தும் மூன்று புள்ளியில் வைத்தால் அந்த நடு உருளைக்கு நேரேதான் வளைவு உச்சம். அங்கே ஸ்க்ரூ ஓட்டை வந்தால் ஒரு விடை, தள்ளிப் போனால் வேறு விடை. நான்கு புள்ளியில் உள் உருளைகளுக்கு நடுவே பெண்டிங் மொமென்ட், அதாவது வளைக்கும் விசையின் திருப்பம், ஒரே அளவு.

அப்புறம் மெஷின். சிவில் லேபில் கம்பியை இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் 40 டன் யூ.டி.எம். மெஷினில் சின்ன பிளேட்டை வளைப்பது, கால் கிலோ அல்வாவை லாரி எடைமேடையில் நிறுப்பது போல. சிறிய லோடு செல் (விசையை அளக்கும் உணரி) உள்ள மெஷினைத் தேடுங்கள்.

பெரிய தவறு, ஒரே தடவை வளைத்துப் பார்த்து 'தாங்குது' என்று எழுதிவிடுவது. கட்டுக்கம்பியை ஒரு தரம் மடக்கினால் ஒடியாது, பத்துப் பதினைந்து தரம் மடக்கி நிமிர்த்தினால் ஒடியும். உடம்புக்குள்ளும் பிளேட் ஒடிவது பெரும்பாலும் இந்தக் களைப்பில்தான். சோதனையில் 10 லட்சம் சுற்று பார்ப்பது வழக்கம்; ஒரு தரம் வளைத்து விட்டால் ஒரு சுற்று, அந்தக் காலில் ஓர் அடி வைப்பது போல. தினம் 5,000 அடி நடப்பவருக்கு ஒரு காலில் 2,500. ஆக, 400 நாள் நடை. விநாடிக்கு 5 சுற்று வீதம் ஓட்டினாலும் 55 மணி நேரம் தாண்டும். "கரண்டு போயிட்டு சார், திரும்ப ஒன்னுலருந்து எண்ணவா?" என்றான் ஒருவன். வேண்டாம், கவுண்டர் நின்ற எண்ணையும் நேரத்தையும் குறித்துவிட்டுத் தொடரலாம். குறிக்காமல் விடுவதுதான் தப்பு.

வளைந்த பிளேட்டைத் தட்டி நிமிர்த்தி மறுபடி சோதிக்காதீர்கள், அது இப்போது வேறு பிளேட். பிளேட்டை எலும்போடு பிணைக்கும் ஸ்க்ரூவைப் பிடுங்கும் சோதனைக்கு, எலும்புக்குப் பதிலாக வேப்பங்கட்டையும் வேண்டாம். இழை ஓடும் திசைக்கொரு பிடிமானம் காட்டும். அடர்த்தி தெரிந்த பாலியூரித்தேன் ஃபோம்தான் சரி.

முடிவுரையில் 'விறைப்பு கூடியதே சிறந்தது' என்று எழுதுகிறார்கள். பிளேட் செய்யும் 316எல் ஸ்டீலின் மீள்குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் அளவு) ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல், டைட்டானியக் கலவைக்கு 110, கெட்டி எலும்புக்கோ சுமார் 20. எலும்பைவிட ரொம்ப விறைப்பாக இருந்து பாரத்தை எல்லாம் பிளேட்டே சுமந்தால் அடியிலிருக்கும் எலும்பு மெலிந்து போகும்.