திருகோணமலையில் பூட்டன் பூட்டியைத் தேடுகிறவர்கள் எங்கே வழி தவறுகிறார்கள்?

பரம்பரையைத் தேடக் கிளம்பும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் நேரே கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் குளக்கோட்டு மன்னனிடம் போய் நிற்கிறார்கள். தம்பலகாமத்திலோ கொட்டியாரத்திலோ சொந்தம் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தாங்கள் ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பழைய நூலில் வரும் கோயில் தொழும்புக் கூட்டங்களில் தானத்தாரா, வரிப்பற்றாரா என்று முதலில் முடிவுகட்டிவிட்டு, அங்கிருந்து கீழே இறங்கிவரப் பார்ப்பார்கள். அது கவிராச வரோதயர் பாடிய நூல். கோயில் தொழும்பு எந்தக் கூட்டத்துக்கு உரியது என்று சொல்லும். உங்கள் பூட்டனின் தகப்பன் யார் என்று சொல்லாது. உங்களிடமிருந்து தொடங்கி, ஒரு தலைமுறையையும் தாண்டிக் குதிக்காமல் பின்னோக்கித்தான் போகவேண்டும்.

முதலில் வீட்டிலுள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை எடுங்கள். பெயரையும் திகதியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத அதில் ஒரு கூடு உண்டு. தகப்பன் இங்கே பிறக்காதவரென்றால் பூட்டனாரின் விவரத்துக்கும் இடமுண்டு. வம்சாவளிப் பிரசையா என்று 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்ட கேள்விக்கான விடை அது. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கிறது.

பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். தலைப்பிள்ளைப் பேறு பெரும்பாலும் தாய்வீட்டில். தகப்பனின் ஊர் நிலாவெளி என்று அங்கேயே தேடிவிட்டு, இல்லை என்று திரும்புகிறவர்கள் தாயின் ஊர் மூதூர் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1990இல் இடம்பெயர்ந்தபோதும் 2004 சுனாமியிலும் பத்திரங்களைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். போனது வீட்டிலிருந்த பிரதிதான், பதிவேடு வேறு. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்துத் தேடுவிக்காமல் கைவிடாதீர்கள். உத்தேச வயதுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அதிலுள்ள ஆண்டைக் கெட்டியாகப் பிடிக்கவும் வேண்டாம்.

அதிகம் ஏமாற்றுவது பெயர்தான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். வேலுப்பிள்ளை மகன் கணபதிப்பிள்ளை, அவர் மகன் மறுபடி வேலுப்பிள்ளை. ஆண்டும் ஊரும் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்து இணைத்தால் பாட்டனும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகம் இருக்கிறதே, வம்சாவளிக்கு அதைப்போல உதவும் தாள் குறைவு. ஆனால் அதில் திதியைச் சொல்லும் வெண்பாவில் இருப்பது இறந்த திதி, பிறந்த நாளல்ல. ஆண்டும் தமிழ்ப் பெயரிலேயே இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ‘விரோதி’ என்றால் 1889ஆகவும் இருக்கலாம், 1949ஆகவும் இருக்கலாம். மக்கள், மருமக்கள் பெயர்களோடு ஒத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது தகப்பன் வழியை மட்டும் எழுதிக்கொண்டு போவது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமென்றால் ‘குடி’ என்ற வம்சப் பிரிவே தாய்வழியாகத்தான் வரும். மற்றக் குடும்பங்களிலும் வீடுவளவு சீதனமாகப் பெண்ணுக்குப் போயிருக்கும். நொத்தாரிசு முடித்த பழைய சீதன உறுதியை எடுத்துப் பாருங்கள். அம்மம்மா பெயர், அவருக்குக் கொடுத்தவர் பெயர், அது அவருக்கு எப்படி வந்தது, நான்கு எல்லைக் காணிக்காரர் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். எல்லைக் காணிக்காரரில் ஒருவராவது சொந்தக்காரராக இருக்கக்கூடும். உறுதி கைவசம் இல்லையென்றால் காணிப் பதிவகத்தில் கேட்கலாம்.

சரி, வயதானவர்களிடம் எப்படிக் கேட்பது? “உங்கட பூட்டன்ர பேர் என்ன, ஆச்சி?” என்று நேரே கேட்டால் ஞாபகம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது வீட்டார் எந்த ஊருக்கு ஓடினார்கள் என்று கேளுங்கள். அப்போது பிறக்காதவர்கூடத் தாய் சொன்ன கதையைச் சொல்வார். அதில் ஒரு ஊர்ப் பெயர் வரும். அநேகமாக அங்கே சொந்தம் இருந்திருக்கும். அடுத்து அந்த ஊர்ப் பதிவைத் தேடுங்கள்.