பிபி திடீர் திடீரென ஏறி இறங்குகிறதா? ஃபியோகுரோமோசைட்டோமா டெஸ்ட்டுக்கு இப்படிப் போங்கள்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மண்டையைப் பிளக்கும் தலைவலி, சட்டை நனையும் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு மூன்றும் சேர்ந்து வரும், அந்த நேரம் அளந்தால் பிபி எக்கச்சக்கமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, டாக்டரிடம் போகும்போது நார்மல் ஆகிவிடும். பலருக்கு இது வெறும் பதற்றம்தான். ஆனாலும் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அபூர்வமான கட்டி இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது, ஏனென்றால் விட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த தடவை வரும்போது பிபி, நாடித்துடிப்பு, நேரம், அதற்குச் சற்றுமுன் என்ன செய்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.

நேராக ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். வயதானவர்களின் அட்ரினலில் தொந்தரவு தராத கட்டிகள் சாதாரணமாகவே இருக்கும், அதைப் பார்த்து வீணாகப் பயப்படுவீர்கள். முதலில் மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருள்) டெஸ்ட், ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ. ரத்தம் என்றால் 20 முதல் 30 நிமிடம் படுத்திருந்து, படுத்தபடியே எடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டலாம், அதனால் லேபில் படுக்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சிறுநீர் என்றால் காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட்டு, அப்புறம் போவதையெல்லாம் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை சேர்க்க வேண்டும். கேனில் ஆசிட் ஊற்றித் தந்திருந்தால் அதைக் கொட்டிவிடாதீர்கள், கையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் மூக்கடைப்பு மருந்துகளும் முடிவைக் குழப்பும், சில லேப் முறைகளில் பாராசிட்டமாலும்கூட. எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். லேசாகக் கூடியிருந்தால் பெரும்பாலும் பொய் எச்சரிக்கைதான், சரியான முறையில் திரும்ப எடுக்கலாம். நார்மல் அளவின் மேல் வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்றால் எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் (ஹார்மோன் டாக்டர்) உடனே போங்கள், சிடி ஸ்கேன் அதற்கு அப்புறம்தான்.

இடையில் படபடப்புக்கு என்று யாராவது புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கரை (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) மட்டும் எழுதித் தந்தால், இந்தச் சந்தேகம் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தக் குழாயைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் மருந்தை முதலில் தொடங்காமல் அதை மட்டும் போட்டால் பிபி இன்னும் எகிறிவிடலாம்.

கட்டி உறுதியானால், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும் மரபணு டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது, அப்படியென்றால் பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும்.