அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி கிளம்பவில்லையா? பெட்ரோல் வழியைப் படிப்படியாகச் சோதிக்கும் முறை

சாவியைத் திருப்பியும் புல்வெட்டி கிளம்பவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது, பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில்தான். உண்மையில் அது கடைசியாகக் கழற்ற வேண்டிய பகுதி. சாவியைத் திருப்பும்போது கேட்கும் ஓசையைக் கவனித்தாலே, கோளாறு மின்சாரத்திலா பெட்ரோலிலா என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

தொடங்கும் முன், இயந்திரத்தைச் சமமான தரையில், காற்றோட்டமுள்ள திறந்தவெளியில் நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை காத்திருங்கள். பாகங்களைக் கழற்றும்போது சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் வயரையும் பிடுங்கி ஒதுக்கி வையுங்கள். அருகில் நெருப்பு இருக்கவே கூடாது.

முதல் படி: ஓசை

ஓசையே எழவில்லை என்றால் பாதுகாப்பு சுவிட்சுகளைப் பாருங்கள். பிரேக் பெடல் முழுவதும் மிதிக்கப்பட்டிருக்க வேண்டும். பிளேடை இயக்கும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சில மாடல்களில் இருக்கையில் ஆள் அமர்ந்திருக்கவும் வேண்டும். இவை சரியாக இருந்தால் ஃபியூஸைச் சோதியுங்கள். இருக்கை சுவிட்சின் வயர்களை நேரடியாக இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஓட்டுபவர் இறங்கினாலோ விழுந்தாலோ பிளேடை நிறுத்துவது அந்தச் சுவிட்ச்தான் என்பதால், அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால் பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். முனைகளில் படிந்திருக்கும் வெள்ளை அல்லது பச்சைப் பொடியையும் சுரண்டி எடுக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ‘டிக்’ ஒலியே தொடர்ந்தால் சோலனாய்டையோ (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்), எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ சந்தேகிக்கலாம்.

இரண்டாம் படி: பிளக்

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், சோக் (குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதற்காகக் கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) உண்மையிலேயே மூடுகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கேபிள் நழுவியிருந்தால் நெம்புகோலை மட்டும் இழுத்துப் பயனில்லை. ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து 5 விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்துச் சில முறை முயன்ற பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்கிறது, அல்லது தீப்பொறி எழவில்லை.

மூன்றாம் படி: டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் பயணம் செய்யும் வழியிலேயே நாமும் போக வேண்டும். முதலில் டேங்க். பெட்ரோல் ஒரு மாதத்திலேயே கெடத் தொடங்குகிறது. எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வார்னிஷைப் போன்ற புளித்த நெடி அடித்தால் முழுவதையும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள்.

அடுத்தது மூடி, பலரும் கவனிக்காத இடம். அதிலுள்ள சிறு காற்றுத் துளை அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். சிறிது நேரம் ஓடி அணையும் எஞ்சின், மூடியைத் தளர்த்திய பிறகு மீண்டும் கிளம்பினால் குற்றவாளி மூடிதான்.

பிறகு பெட்ரோல் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபில்டரை மாற்றுங்கள். அதன் மேலுள்ள அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கி இருக்க வேண்டும். பம்ப் உள்ள இயந்திரங்கள் பலவற்றில் அதை இயக்குவது எஞ்சினுக்குள் எழும் காற்றழுத்தத் துடிப்பு. அதைக் கொண்டுவரும் சிறு குழாயில் விரிசல் விட்டிருந்தால், மற்றவை நன்றாக இருந்தும் பெட்ரோல் மேலேறாது.

இப்போதுதான் கார்புரேட்டர். பல மாடல்களில் அதன் கிண்ணத்தின் அடியில் பெட்ரோலை அடைத்துத் திறக்கும், மின்சாரத்தால் இயங்கும் இன்னொரு சிறு சோலனாய்டு இருக்கும். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பும்போது அங்கே மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்காவிட்டால், அதற்கு வரும் மின்சாரத்தைச் சோதியுங்கள். ஒலி கேட்டால் வால்வை மூடிக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை) படிந்த பிசினைக் கார்புரேட்டர் கிளீனரால் கரையுங்கள். தேவைப்பட்டால் மெல்லிய செப்புக் கம்பி இழையை நுழைக்கலாம். துரப்பணத்தையோ தடித்த ஊசியையோ நுழைத்தால் துளை அகன்று, பெட்ரோல் அளவே மாறிவிடும்.

பிளக் எப்போதும் நனைந்தே இருந்தால் எஞ்சின் ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் உயர்ந்து பெட்ரோல் நெடி அடித்தால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரவை அடைக்க வேண்டிய கார்புரேட்டரின் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் உள்ளே கசிந்திருக்கிறது என்று பொருள். நீர்த்த ஆயில் தேய்மானத்தைத் தடுக்காது. ஆகவே ஊசியைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றும் வரை எஞ்சினை இயக்கக் கூடாது.

எல்லாவற்றையும் பூட்டிய பின் வால்வைத் திறந்து, இணைப்புகளில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிளக் வயரை மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். எஞ்சின் பிடித்ததும் சோக்கை மெல்லத் திறந்துவிடுங்கள்.