முதல் குழந்தை ஆபரேஷன், அடுத்தது சுகப்பிரசவமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"ஒருமுறை வயிற்றைக் கிழித்தால் அடுத்ததும் ஆபரேஷன்தான்." நான் இருக்கும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் பக்கத்து வீட்டு அக்காவில் இருந்து என் மாமியார் வரை இதைச் சொல்லாத ஆள் இல்லை. இந்தப் பேச்சுக்கு நூறு வயது தாண்டிவிட்டது, 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது. அன்றைக்குக் கர்ப்பப்பையை நெடுக்காக வெட்டினார்கள், அடுத்த பிரசவ வலியில் அந்தத் தையல் பிரிந்துவிடும் என்ற பயத்துக்குக் காரணம் இருந்தது. இப்போது பெரும்பாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டுகிறார்கள். அப்படிப்பட்டவர்களில் சரியானவர்களைப் பார்த்து முயற்சி செய்ய விட்டால் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. எனக்கும் ஆனது. நான் டாக்டர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதையும் தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

முதல் தவறு, வெளியே தெரியும் தழும்பைப் பார்த்து முடிவு செய்வது. தோலில் குறுக்கே கோடு இருக்கும், உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருக்கலாம். நெடுக்கு வெட்டு என்றால் சுகப்பிரசவ முயற்சியே கூடாது. இதைச் சொல்வது ஆபரேஷன் குறிப்பு மட்டும்தான். என் முதல் பிரசவம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். கையில் கொடுத்தது மருந்துப் பட்டியலும் பில்லும்தான், நானும் வாயைத் திறந்து கேட்கவில்லை. இரண்டாவது முறை கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) மிஸ்ஸி, அதாவது நர்ஸ், "எப்படி வெட்டினார்கள்?" என்று கேட்டபோது முழித்தேன். அப்புறம் இரண்டு தடவை அலைந்து, கடிதம் எழுதிக் கொடுத்து வாங்கினேன். வெட்டு எப்படி, அது ஓரத்தில் கிழிந்து நீண்டதா, ஆபரேஷன் எதற்காக, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். எனக்குக் குழந்தை தலை திரும்பாமல் இருந்தது, அந்தக் காரணம் இரண்டாவது முறை வரவில்லை. வலி எடுத்தும் கர்ப்பப்பை வாய் திறக்காமல் போய் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களுக்கோ 85, 90 சதவீதம் வரை போகிறது.

அடுத்தது, ஆபத்தை ஒரு பக்கம் மட்டும் பேசுவது. தானாக வலி வரும்போது தையல் பிரிவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் அந்த ஒருத்திக்கு நிமிஷக் கணக்கில் குழந்தையை வெளியே எடுத்தாக வேண்டும். அதனால்தான் ஆபரேஷன் அறையும் ரத்தமும் தயாராக இருக்கும் ஆஸ்பத்திரி வேண்டும். வீட்டில் பெற்றுக்கொள்கிறேன் என்பதெல்லாம் இதற்குச் சரிப்படாது. மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை: ஒவ்வொரு சிசேரியனுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய வடுவில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. மூன்று நாலு பிள்ளை வேண்டும் என்பவர்கள் இதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது வீட்டு வைத்தியத்தில்தான். நாள் தள்ளிப் போகிறது என்று விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்வார்கள், யாராவது பிரசவத்துக்கு என்று குடிக்கும் ரும்புட் பாத்திமா மூலிகையை ஊறவைத்துக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வலியைத் தாறுமாறாக ஏற்றக்கூடிய எதுவும் தையல் போட்ட கர்ப்பப்பைக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியிலேயே மருந்து கொடுத்து வலி வரவைத்தால் தையல் பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு ஆகிறது என்று அவ்வளவு யோசிக்கிறார்கள், நாம் சமையலறையில் செய்யலாமா? நல்ல நட்சத்திரத்தில் பிறக்கட்டும், வலி வரவையுங்கள் என்று டாக்டரை நெருக்குவதும் இதே கணக்குதான்.

குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கும் சிடிஜி பெல்ட்டைக் கழற்றச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள், தையல் பிரிந்தால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் எபிடூரல் போடக்கூடாது என்பது வெறும் வதந்தி. இடைவெளியும் முக்கியம், ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் ஆபத்து கூடுதல்.

கடைசியாக, வலி நன்றாக வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பது. மற்றவர்களுக்கு அது சரி, உங்களுக்கு இல்லை. வலி ஆரம்பித்தாலும், பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், வலி விட்ட பிறகும் தழும்பு இருக்கும் இடம் நோகுதென்றாலும் உடனே கிளம்ப வேண்டும். நான் இருப்பது பிறையில், பிரசவத்துக்குப் பதிந்திருந்தது பினாங்கு தீவில், நடுவே கடல்மேல் பினாங்கு பாலம். காலை நெரிசலில் அந்தப் பாலத்தில் மாட்டியவர்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு அந்த வாரம் தைப்பூசம், தீவில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் சாலை மூடல். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று 37வது வாரமே பையையும் ஆபரேஷன் குறிப்பையும் எடுத்துக்கொண்டு தீவிலேயே ஜெலுத்தோங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.